வாசித்தவர், அடித்தவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் விதை என்னுடையதல்ல. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடமிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். காலை பத்தே முக்கால் இருக்கும், ஆபீஸ் கூட்டம் வடிந்திருந்தது. எதிர் இருக்கைப் பெண்ணுக்கு நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். மடியில் லேப்டாப் பை, காதில் போன். பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் கொடுப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோடு. கோடு. டி. ஆர். ஒய். இப்ப நடுவுல ஒரே ஒரு கோடு. ஆர். யு. என். என்ன வந்துச்சு?"

கொஞ்ச நேரம் காத்திருப்பார், தலையாட்டுவார், மறுபடி "கோடு, கோடு" என்று ஆரம்பிப்பார். பெருங்களத்தூர் போனது, வண்டலூர் போனது. நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது எங்கள் தொழிலில் தப்பில்லை என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஊரப்பாக்கம் வருவதற்குச் சற்று முன்னால், அவர் காதில் வைத்திருந்த அந்த போன் சத்தமாக மணியடித்தது.

பேசிக்கொண்டிருக்கும் போன் அப்படி மணியடிக்காது. மறுமுனையில் யாருமே இருந்திருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்க்காதவன்போல் இருந்தேன். மணி அடித்து ஓயும்வரை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஊரப்பாக்கத்தில் இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் நிஜம். மீதி முழுவதும் என் கைவேலை, அதற்கு அவர் பொறுப்பல்ல.

2

அவருக்கு சந்திரிகா என்று பெயர் வைத்தேன். பிறகு தொடக்கங்கள்.

தொடக்கம் ஒன்று: "மாலை ஏழு மணிக்குக் கணவர் வீடு திரும்பியபோது சந்திரிகா இன்னும் அந்த"

[இங்கேயே நிறுத்திவிட்டேன். கணவர் உள்ளே வந்ததும் வராததுமாக 'என்னாச்சு, ஏன் ஒரு மாதிரி இருக்க?' என்று கேட்டுவிட்டார். நல்ல மனிதர். அவரை வைத்துக்கொண்டால் அவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிடுவாள், கதை ஒன்றரைப் பக்கத்தில் படுத்துவிடும். கணவரை எடுத்துவிட்டேன். பதினோரு வருடம் முன்பே பிரிந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கதை ஒன்றும் இல்லை.]

தொடக்கம் இரண்டு: "சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான தூரம் மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே"

[இது கட்டுரை. அதுவும் மோசமான கட்டுரை.]

தொடக்கம் மூன்று: "ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையின் பஸ் சத்தம் கேட்கிற இரண்டாவது மாடி வீட்டில், சந்திரிகா டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்றாவது ஆப்ஷனைச் சத்தமாக வாசித்தாள். கேட்க யாரும் இல்லை."

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், ஒரே ஒரு பத்திதான்.

கறுப்புத் திரையில் எழுத்தால் கட்டளை அடித்து வேலை வாங்குகிற மென்பொருள்கள் உண்டு. அவற்றில் பட்டன் கிடையாது, படம் கிடையாது. ஓட்டலில் 'ஒரு காபி' என்று சொல்வது கட்டளை என்றால், 'சர்க்கரை இல்லாம' என்று கூடவே சொல்வது ஆப்ஷன். ஒவ்வொரு ஆப்ஷனுக்கு முன்னாலும் இரண்டு சின்னக் கோடு போட வேண்டும். சந்திரிகாவின் கம்பெனி விற்கிற கருவிக்கு நான் 'சலி' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரே கோப்பு, அல்லது நாம் கேட்டால் ஒரே பெயருள்ள கோப்பு, கம்ப்யூட்டரில் பல இடத்தில் பிரதி பிரதியாகக் கிடந்தால், இருப்பதிலேயே பழையதை வைத்துக்கொண்டு மீதியைச் சலி அழித்துவிடும். நாற்பத்து மூன்று ஆப்ஷன்கள். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கையேடு எழுதுவதும், கையேட்டில் இருப்பதைத்தான் கருவி நிஜமாகவே செய்கிறதா என்று பார்ப்பதும் சந்திரிகாவின் வேலை.

கையேட்டிலிருந்து இரண்டு வாக்கியத்தை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்.

--டிரை-ரன்: இதைக் கொடுத்தால் எந்தக் கோப்பும் அழிக்கப்படாது. எவையெல்லாம் அழியக்கூடும் என்ற பட்டியல் மட்டும் வரும்.

இதை மறந்துவிடாதீர்கள். ஒரு மனிதருடைய பத்தொன்பது வருடம் இந்த இரண்டு வாக்கியத்தை நம்பித்தான் போனது.

4

மஹீன் என்று ஒருவன் இருந்தான். சலியை எழுதிய மூன்று பேரில் ஒருவன், சந்திரிகாவைவிட ஒன்பது வயது இளையவன், வீடு ஊரப்பாக்கம். ஆபீசில் பக்கத்தில் உட்கார்ந்து செய்துவந்த ஒரு வழக்கத்தை, வேலை வீட்டிலிருந்தே என்று ஆனபிறகு இரண்டு பேரும் போனில் தொடர்ந்தார்கள். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு போன். அவள் கையேட்டை எழுத்தெழுத்தாக வாசிப்பாள். அவன் காதில் விழுவதை மட்டும் அடிப்பான்.

"கோடு, கோடு," என்பாள் அவள்.

"எத்தினி கோடுக்கா?"

"ரெண்டு. எட்டு வருஷமா ரெண்டுதான்."

"எனக்குத் தெரியும்க்கா. ஆனா எனக்குத் தெரிஞ்சத அடிக்கக் கூடாது இல்ல? நீங்க சொல்றததான் அடிக்கணும். அடிக்கிறவனுக்கு மூளையே இருக்கக் கூடாது."

"அதுக்குத்தான உன்ன வச்சிருக்கேன்," என்பாள்.

அவன் சிரிப்பான். ஒவ்வொரு வியாழனும் இதே ஜோக், ஒவ்வொரு வியாழனும் சிரிப்பு. நடுவில் விமானப்படைப் பயிற்சி விமானம் அவள் வீட்டுக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். "போவட்டும்க்கா, வெயிட் பண்றேன்" என்று அவன் சொல்வான். வாரத்துக்கு நான்கைந்து ஆப்ஷன், இரண்டு மாதத்தில் ஒரு சுற்று. எட்டு வருடத்தில் கையேட்டில் ஒரு பொய்கூடக் கிடையாது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும்.

வாசித்தவர்: சந்திரிகா.
அடித்தவர்: மஹீன்.

யாரும் அந்த வரிகளைப் பார்த்ததில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கையேட்டையே யாரும் படிப்பதில்லை. பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்று ஒரு கணக்கு வரும். முப்பத்தொன்றாவது பக்கத்தை இரண்டு வருடத்தில் இரண்டு பேர் திறந்திருந்தார்கள். ஒன்று அவள், இன்னொன்று மஹீன்.

5

(காதல் பற்றிய பகுதி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். நீங்கள் எதிர்பார்ப்பீர்கள் என்றுதான் எழுதிப் பார்த்தேன்: அவன் ஒருமுறை 'அக்கா' என்பதை விட்டுவிட்டுப் பேசினான், அவள் ஒரு நொடி— இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம், தான் சொல்வதை ஒருவன் எழுத்துப் பிசகாமல் கேட்டான். இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.)

6

மஹீனுக்கு கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது. கடைசி வியாழனன்று, "அங்கேருந்தும் கூப்பிடறேன்க்கா, இது எங்க போவுது" என்றான். இரண்டு வாரம் கூப்பிட்டான். மூன்றாவது வாரம் மீட்டிங் இருக்கிறது என்று செய்தி மட்டும் வந்தது. நான்காவது வாரம் அதுவும் வரவில்லை. அவனைத் திட்ட ஒன்றுமில்லை, உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் போகிறோம்.

அவன் இடத்துக்குக் கம்பெனி ஆள் எடுக்கவில்லை. சந்திரிகா தானே வாசித்து, தானே அடிக்கத் தொடங்கினாள். சரிபார்ப்புப் படிவத்தில் இரண்டு பெட்டிகள் உண்டு. இரண்டாவதைக் காலியாக விட்டால் படிவம் ஏற்காது. தன் பெயரையே இரண்டிலும் போட்டாள், அதையும் ஏற்கவில்லை: இரண்டு பேரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டுமாம். இதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்டிருக்கலாம். 'அடுத்த வாரம் கேட்போம்' என்று நினைத்து, பெட்டியில் முதல் எழுத்தை அடித்தாள். பழகிய படிவம், மீதிப் பெயரை அதுவே நிரப்பிக்கொண்டது.

அடித்தவர்: மஹீன்.

பதினான்கு மாதம் அப்படியே போட்டாள். படிவத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயரைத் திரையில் பார்க்கிற வாரத்தின் அந்த ஒரு நிமிடம் அவளுக்கு வேண்டியிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் சொல்கிறேன்.

அந்தப் பதினான்கு மாதத்துக்குள்தான் சலியின் நான்காம் பதிப்பு வந்தது. அதில் --டிரை-ரன் என்ற ஆப்ஷனின் பெயரை --ப்ரிவ்யூ என்று மாற்றினார்கள். மாற்றம் பற்றிய அறிவிப்பை எழுதியதே சந்திரிகாதான், காலை பத்து மணிக்கு. பதினொரு மணிக்கு, காபியைக் குடித்துக்கொண்டே*, கையேட்டின் பழைய பக்கத்தை எடுத்து வாசித்தாள்: "கோடு, கோடு, டி, ஆர், ஒய்..." வாய் பழைய பெயரைச் சொன்னது. விரல், ஒரு மணி நேரம் முன்பு தெரிந்துகொண்ட புதிய பெயரை அடித்தது.

பட்டியல் ஒழுங்காக வந்தது. ஒரு கோப்பும் அழியவில்லை. 'சரி' என்று டிக் போட்டாள், 'ம' அடித்தாள், அடுத்த ஆப்ஷனுக்குப் போனாள்.

பக்கத்தில் பழைய பெயர் அப்படியே நின்றது. இதில் இன்னொரு வினை உண்டு. சலிக்குத் தெரியாத ஆப்ஷனைக் கொடுத்தால் அது 'புரியவில்லை' என்று சொல்லாது, அதை விட்டுவிட்டு அழிக்கிற வேலையைச் செய்துவிடும். பழைய வாடிக்கையாளர்களின் வேலை நின்றுவிடக் கூடாது என்று எப்போதோ யாரோ செய்த ஏற்பாடு. 'சர்க்கரை இல்லாம' என்று நீங்கள் சொன்னது புரியாத சப்ளையர், திருப்பிக் கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு, சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து வைப்பதுபோல.

மூளை இல்லாதவன் ஒருவன் அடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

* இரண்டாம் பகுதியில் அவள் கையில் டீ என்று எழுதியிருந்தேன். அவள் குடிப்பது காபி. எழுதி முடித்துத் திரும்பப் படிக்கும்போதுகூட என் கண்ணில் படவில்லை, டீ என்ற இடத்தில் காபி என்றே படித்திருக்கிறேன். திருத்தாமல் விட்டிருக்கிறேன். நீங்கள் கவனித்தீர்களா?

7

சித்திரை முடியும்போது கடிதம் வந்தது. எழுதியவர் ஞானையா, வயது அறுபத்தெட்டு, முடிச்சூர். ரயில்வேயின் கம்ப்யூட்டர் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழில் எழுதியிருந்தார்.

"மதிப்பிற்குரியீர், இது புகார் அல்ல. சலியை நான் காசில்லாத பதிப்பில்தான் பயன்படுத்துகிறேன், புகார் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. உங்கள் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தேன். மிக நேர்த்தியாக எழுதப்பட்டிருக்கிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருக்கிறது, முடிந்தால் போட்டுவிடவும்."

இதுவரை படித்தபோது சந்திரிகாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். முப்பத்தொன்றாம் பக்கத்தை ஒரு மனிதர் படித்திருக்கிறார். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்து மீதியைப் படித்தாள்.

"எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் இருக்கிறேன். சனிக்கிழமைப் பயிற்சி ஒவ்வொன்றையும் பத்தொன்பது வருடம் பதிவு செய்து வைத்திருந்தேன். வருடத்துக்கொரு ஃபோல்டர், அதற்குள் வாரத்துக்கொன்று. உள்ளே பாட்டின் பெயரில் கோப்பு. எந்தப் பாட்டை எத்தனை தடவை பயிற்சி செய்தோம் என்று குழுவின் ஆண்டு மலருக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். பெயரை வைத்துப் பிரதிகளை எண்ண சலி உதவும் என்று தோன்றியது. எதுவும் அழியாமல் பட்டியல் மட்டும் வர --டிரை-ரன் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் பார்த்து, அப்படியே அடித்தேன். பட்டியல் வந்தது. கோப்புகள் போய்விட்டன.

"ஒவ்வொரு பாட்டிலும் பழைய பதிவு ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் பாட்டுகள் எல்லாம் முதல் மூன்று வருடத்துக்குள் பழகியவை. என் மனைவி குழுவில் சேர்ந்தது நான்காவது வருடம். போன வருடத்துக்கு முந்தின வருடம் காலமானாள். மிஞ்சியவற்றைக் கேட்டுப் பார்த்தேன். எதிலும் அவள் இல்லை.

"இன்னொரு பிரதி வைத்திருந்தேன், அது இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் கீழ்வீட்டு அலமாரியோடு போனது. மறுபடி எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். அது என் தப்பு. இதுவும் என் தப்பாகத்தான் இருக்கும். பக்கத்தின் அடியில் இரண்டு பேர், ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்து, சரிபார்த்ததாகப் போட்டிருக்கிறது. இரண்டு பேர் பார்த்தது தவறாக இருக்காது. என் வயதில் கை நடுக்கம் உண்டு. நான் அடித்த கட்டளையைக் கீழே கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் பிழை செய்தேன் என்று மட்டும் சொன்னால் போதும். குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன், பத்தொன்பது வருடத்து எல்லோருடைய குரலையும் நான்தானே அழித்தேன். காரணம் தெரிந்தால் அவர்களிடம் சொல்லலாம்."

கீழே அவர் அடித்த கட்டளை இருந்தது. எழுத்துக்கு எழுத்து, கோட்டுக்குக் கோடு, கையேட்டில் இருந்தபடியே.

சந்திரிகா அதைத் தன் கறுப்புத் திரையில், தான் உண்டாக்கிய பொய்க் கோப்புகளின்மேல், ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் பார்த்து அடித்தாள். இந்தத் தடவை விரல் மாறவில்லை. பட்டியல் வந்தது. கோப்புகள் போய்விட்டன.

8

சுப்ரஜா அவளுடைய மேலதிகாரி, முப்பத்தைந்து வயது. முதல் வரைவில் இவளை வில்லி ஆக்கியிருந்தேன். பேசவிட்டுப் பார்த்தேன், வில்லி மாதிரி பேச மாட்டேன் என்றாள்.

"சந்திரிகா மேம், அந்தப் பேஜை திருத்திடுங்க. லாஸ்ட் அப்டேட் தேதி மட்டும் ரிலீஸ் தேதியாவே இருக்கட்டும்."

"அப்போ அன்னிக்கே சரியா இருந்த மாதிரி ஆயிடுமே."

"ஆமா."

"அவரு மறுபடி வந்து பார்த்தா?"

வீடியோவில் சுப்ரஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பார்த்தா, தான்தான் சரியா படிக்கலன்னு நெனச்சுப்பாரு. இப்பவே அப்படித்தான நெனைக்கிறாரு? மேம், எனக்கும் இது பிடிக்கல. ஆனா நான் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். மஹீன் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. நீங்க ஏன் அப்படிப் போட்டீங்கன்னு நான் கேக்கல. வேற யாராவது பார்த்தா கேப்பாங்க. அப்புறம் உங்க வேலை இருக்காது. இந்த வயசுல, இந்த ஃபீல்டுல, இன்னொண்ணு கிடைக்கும்னு நெனைக்கிறீங்களா?"

"அவருக்குப் பதில்?"

"நீங்களே போடுங்க. சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்க பதிப்புக்குரிய ஆப்ஷன்களைச் சரிபார்த்துக்குங்கன்னு ரெண்டு வரி. அதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

இல்லைதான். ஒவ்வொரு சொல்லும் சரியாகத்தான் இருந்தது.

9

அன்று மதியம் அவள் மஹீனைக் கூப்பிட்டாள். பதினான்கு மாதத்தில் முதல்முறை.

"அக்கா! இன்னாக்கா, இன்னிக்கு மழைதான் போல! எப்பிடி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன். நீ?"

"ஓடுதுக்கா. இங்கெல்லாம் வேற மாதிரி. டாக்குமென்ட்லாம் மெஷினே எழுதிக்கும், மெஷினே படிச்சுக்கும்."

"மஹீன், ஒண்ணு சொல்லணும். நீ போனப்புறமும் உன் பேரைத்தான் போட்டுக்கிட்டிருந்தேன்."

"எதுலக்கா?"

"பக்கத்துக்குக் கீழ. அடித்தவர்ல."

கொஞ்ச நேரம் அங்கே யாரோ சிரிப்பதும் நாற்காலி இழுபடுவதும் கேட்டது. "அப்போ யார்க்கா அடிச்சாங்க?"

"நான்தான்."

"வாசிச்சது?"

"அதுவும் நான்தான்."

அவனுக்குத் தொழில் தெரியும், விளக்கம் தேவைப்படவில்லை. "ஐயோ அக்கா," என்றான். பிறகு, "ஒரு ஃபோன் போட்டிருந்தா நானே லைன்ல வந்திருப்பேனே. ஒரு மணி நேரம்தான? ஏன்க்கா கூப்பிடல?"

"நீ கூப்பிடுவேன்னு நெனச்சேன்."

பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லி மீட்டிங் என்றார்கள். "இருங்கக்கா, முடிச்சிட்டு நானே திருப்பிக் கூப்பிடறேன். கண்டிப்பா," என்றான்.

[ரயிலில் நான் கேட்ட மணி அதுதான் என்று எழுத எனக்கு ரொம்ப ஆசை. கோயம்புத்தூரிலிருந்து, மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. வியாழன் பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இருக்க முடியாமல் அவள் ரயில் ஏறி, அவன் முன்பு இருந்த ஊர்வரை போய்த் திரும்புகிறாள். அந்த நேரத்தில் அவன் கூப்பிடுகிறான், அவள் எடுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது. வங்கியில் கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாகவும் இருக்கலாம்.]

10

இப்போது முடிவுகள். மூன்று எழுதினேன்.

முடிவு ஒன்று. சந்திரிகா உண்மையை எழுதி அனுப்புகிறாள். வேலை போகிறது. ஞானையா பதில் எழுதுகிறார்: 'அம்மா, உங்களை மன்னித்துவிட்டேன்.' [எழுதிவிட்டுக் கூசிப்போனேன். அவரை மன்னிக்க வைக்க நான் யார்? போனது என் மனைவியின் குரல் அல்லவே.]

முடிவு இரண்டு. அவள் தேதியை மாற்றாமல் பக்கத்தைத் திருத்துகிறாள், இரண்டு வரிப் பதிலை அனுப்புகிறாள். ஐப்பசி மழையில் ஒருநாள் ஞானையா அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கிறார். --ப்ரிவ்யூ என்று இருக்கிறது. தேதி பழைய தேதி. 'ஆமாம், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை' என்று மூடி வைக்கிறார். சபைக்குப் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறார். [இது தங்குதடையில்லாமல் வந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. மூன்றிலும் நன்றாக வந்தது இதுதான், அதனாலேயே எனக்கு இதைக் கண்டு பயம்.]

முடிவு மூன்று. அவள் முடிச்சூருக்கே போகிறாள். குழுவில் யாரிடமோ பழைய கேசட் ஒன்று இருப்பதாகத் தெரியவர, அதைப் போட்டால் அவர் மனைவியின்

[வெட்கமாக இருக்கிறது. இதோடு விடுகிறேன்.]

11

நான் எழுதியதை அவளை வைத்து இயக்கிப் பார்த்தால், எந்த முடிவுக்கும் அவள் அசையவில்லை. அவள் உண்மையில் செய்வது இதுதான்.

வியாழக்கிழமை. பதினொரு மணி. பயிற்சி விமானம் ஒன்று போய் ஓய்ந்துவிட்டது. ஞானையாவுக்கு எழுத வேண்டிய பதில் காலியாகத் திறந்திருக்கிறது. சந்திரிகா தாளில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்: "நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள். பிழை கையேட்டில் இருந்தது. அதை எழுதியது நான். இரண்டு பேர் பார்த்தோம் என்று போட்டிருப்பது பொய், நான் ஒருத்திதான் இருந்தேன்." அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே அடிக்கிறாள். முடித்துத் திரையைப் பார்க்கிறாள். அதில் இருப்பது: "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்."

அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிறாள். "பிழை கையேட்டில் இருந்தது," என்று வாய் சொல்கிறது. "உங்கள் பதிப்புக்குரிய," என்று விரல் அடிக்கிறது. இருபது வருடம் கம்பெனிக் கடிதம் எழுதிய விரல். வேலை போய்விட்டால் என்ன ஆகும் என்று அந்த விரலுக்குத் தெரியும். வாசிக்கிறவரும் அடிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்று நமக்கும் இப்போது தெரியும்.

அவளுக்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்க வேண்டாம், ஆறுதல் சொல்ல வேண்டாம். நிறுத்தி நிறுத்தி வாசித்தால் போதும். என்னால் முடியாது. நானும் அவளைப் போலத்தான், தனியாக உட்கார்ந்து எழுதி, தனியாகவே திரும்பப் படித்து, டீயைக் காபி என்று நம்புகிறவன். அவளுக்கு வேண்டிய இன்னோர் ஆள் இந்தக் கதையில் இல்லை. கதைக்கு வெளியே ஒருவர் இருக்கிறார், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

இரண்டு தாளும் உங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்று எட்டாம் பகுதியில் சுப்ரஜா சொன்ன இரண்டு வரி. இன்னொன்று, சற்று மேலே, சந்திரிகா பேனாவால் எழுதியது. எதை வேண்டுமானாலும் எடுங்கள். அவள் இப்போது மூளையை ஓரமாக வைத்துவிட்டாள், விரல்கள் விசைப்பலகைமேல் தயாராக இருக்கின்றன. காதில் விழுவதை மட்டும்தான் அடிப்பாள், எழுத்துப் பிசகாமல். வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் அவளுக்குக் கேட்காது.

அடித்தவர்: சந்திரிகா.
வாசித்தவர்: